கதவடி மேசை

ஃபாரஸ்ட் கேட்,
லண்டன்,
9 பெப்ரவரி 2026

அண்ணைக்கு பியற்றிஸ் எழுதுவது,

சுகம் கேட்கவில்லை. கேட்க இன்னும் மனம் வரவில்லை. என் மனுசன் மேர்வினை அடக்கம் செய்த அன்று, ஒரு வருஷத்துக்கு உங்களோடு பேசமாட்டேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் பதினைந்து நிமிட நடையில் இருக்கிற வீட்டுக்கு முத்திரை ஒட்டி அனுப்புகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழைகளைப் பொறுத்து வாசியுங்கள்.

மாதா கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் சாப்பாட்டுப் பை கொடுக்கிற இடத்தில் எங்கள் பங்குப் பிள்ளை றூபினி ஒரு மேசை போட்டு, பெனிபிட் என்று அரசாங்க உதவிக்காசு எடுக்கிற சனத்தின் பெயரை வாக்காளர் இடாப்பில் பதிய உதவி செய்கிறாள் அல்லவா? அந்த மேசையை மூடச் சொல்லி நீங்கள் பங்குச் சுவாமிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறீர்களாம். மார்ச் பதினைந்தாம் திகதிக் கூட்டத்தில் முடிவாம். மண்டபக் கமிட்டிக்குச் செயலாளர் நீங்கள். நீங்கள் சொல்வதுதான் நடக்கும்.

அந்த மேசையில் இப்போது நானும் இருக்கிறேன் அண்ணை. ஜனவரியில் இருந்து.

அடக்கத்துக்கு முதல் நாள் உடுப்புத் தேடியபோது மேர்வினின் கறுப்புக் கோட்டின் உள்பொக்கற்றில் ஒரு படிவம் இருந்தது. நாலாய் மடித்தது. பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் அவருடைய கோணல் எழுத்தில் நிரப்பி இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை. எடுத்துக்கொண்டு றூபினியிடம் ஓடினேன். அவள் பார்த்ததும் அழுதுவிட்டாள். பிறகுதான் நவம்பரில் நடந்ததைச் சொன்னாள்.

கிட்னிக்கு டயலிசிஸ் செய்கிற கையோடு இவர் வரிசையில் நின்றிருக்கிறார். பேனையைக் கையில் எடுக்கிற நேரம் நீங்கள் உங்கள் கட்சி நோட்டீசுகளோடு உள்ளே வந்து, "பெனிபிட் எடுக்கிறவைக்கு என்னத்துக்கப்பா வோட்டு? ஆர் காசு தாறானோ அவனுக்குத்தானே போடுவினம்" என்றீர்களாம். நாலு பேர் சிரித்தார்களாம். இவர் பேனையை வைத்துவிட்டுப் படிவத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் என்னிடம், "அங்க நல்ல குளிர்" என்று மட்டும் சொன்னார். டிசம்பர் பதினோராம் திகதி செத்துப்போனார். அதனால்தான் அடக்கத்தன்று அப்படிச் சொன்னேன்.

பிரிட்டிஷ் பாஸ்போட் இல்லாதவர்களுக்கு இந்த நாட்டில் வோட்டு இல்லை என்று இருபத்திரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம். யார் சொன்னது? எல்லாரும் சொன்னார்கள். இலங்கை கொமன்வெல்த் நாடு, அந்தப் பாஸ்போட்டும் விசாவும் இருந்தால் காணும் என்று றூபினி சொல்லித்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷம் அண்ணை! எத்தனை தேர்தல் போயிருக்கும்?

மே ஏழாம் திகதி நகரசபைக் கவுன்சில் தேர்தலுக்குப் பதிகிற கடைசி நாள் ஏப்ரல் இருபது. அதுவரைக்காவது அந்த மேசை இருக்கட்டும். அவர் போடாத கையெழுத்தைப் போட விரும்புகிற வேறு சனம் போடட்டும். உங்களிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.

பியற்றிஸ்


அப்டன் பார்க்,
17 பெப்ரவரி 2026

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் வந்தபோது கடையில் ஆட்கள் நின்றார்கள். பின்னறைக்குப் போய் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று வாசித்தேன். இரண்டு தரம்.

நவம்பரில் நான் சொன்னது பிழை. மேர்வின் அங்கே நிற்பதை நான் காணவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் நிற்காவிட்டாலும் அது பிழைதான். அவருடைய சவப்பெட்டியைத் தூக்கியபோது என் தோளில் இருந்த பாரம் எனக்குத்தான் தெரியும். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு உனக்கு உரிமை உண்டு.

மேசை விஷயம் வேறு. அதைப் பற்றி நான் எழுதியதை இன்னும் சரியென்றே நினைக்கிறேன். கோபப்படாமல் வாசி.

பசித்து வருகிற மனிதன் சாப்பாட்டுப் பைக்கு நிற்கிறான். அந்தப் பைக்கு முன்னால் ஒரு மேசை, அதில் ஒரு படிவம். "வேண்டாம்" என்று சொன்னால் பை கிடைக்குமோ கிடைக்காதோ என்று அவன் யோசிக்கமாட்டானா? இதை உதவி என்கிறார்கள், நான் நெருக்குதல் என்கிறேன். அடுத்தது, பெனிபிட் எடுக்கிற சனத்தை மட்டும் தேடித் தேடிப் பதிந்தால் அது எந்தக் கட்சிக்கு வாய்ப்பு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைக்காரரைத் தேடி ஒருவரும் மேசை போடவில்லையே. பேப்பரில், ரீவியில் இதைத்தான் இரண்டு பக்கமும் நின்று சண்டை பிடிக்கிறார்கள். அந்தச் சண்டை கோயில் மண்டபத்துக்குள் எதற்கு?

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுத எனக்கு ஏலவில்லை.

றூபினி நல்ல பிள்ளை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர் எழுதி ஒரு பட்டியல் போட்டால் அது யார் கையில் போய் முடியும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் இங்கே பிறந்தவள்.

உன் முதுகுநோவுக்கு எண்ணெய் ஒன்று வந்திருக்கிறது. வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்பட்டுமா?

அண்ணை
ஞானரட்ணம்


ஃபாரஸ்ட் கேட்,
1 மார்ச் 2026

அண்ணைக்கு,

எண்ணெய் வேண்டாம்.

நீங்கள் சொன்னதில் ஒன்று சரி. றூபினிக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, கேட்டால் விளங்கும். "உங்கட அண்ணை சொல்றது கரெக்ட் அன்ரி. மேசையை மாத்துவம்" என்றாள். அடுத்த நிமிடமே எழும்பி ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டாள். மற்றப் பக்கத்தை நான் தூக்கினேன். இப்போது மேசை வெளியே போகிற கதவடியில் இருக்கிறது. பை கையில் வந்து, வயிற்றுப் பயம் போன பிறகுதான் சனம் எங்களைத் தாண்டிப் போகும். பாதிப் பேர் நிற்காமல் போகிறார்கள். நான் கூப்பிடப் பார்த்தால் என் கையைப் பிடித்து, "போகட்டும் அன்ரி, போறதும் அவையின்ர உரிமை" என்கிறாள்.

அண்ணை, அந்தப் பிள்ளையைப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில் வேலை. சனிக்கிழமை எட்டு மணிக்கு முதல் ஆளாய் வந்து கதிரை இழுத்துப் போடுகிறாள். யாருக்குப் போடப் போகிறீர்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை. உங்கள் கட்சிக்காரர் ஒருவர் நோட்டீசோடு வந்தார். "வெளியில ரோட்டில குடுங்கோ, இஞ்ச வேண்டாம்" என்று அனுப்பினாள். அடுத்த கிழமை மற்றக் கட்சிக்காரர், நல்லாய்ச் சிரித்துக்கொண்டு கேக்கும் கொண்டு வந்தார். கேக்கை வாங்கிப் பைகளோடு வைத்துவிட்டு அவரையும் அதே ரோட்டுக்கு அனுப்பினாள்.

பிரசாந்தினி என்று ஒரு பிள்ளை வருகிறாள். இரண்டு குழந்தைகள், மனுசன் விட்டுவிட்டுப் போய்விட்டான். நாலு கிழமையாக மேசைக்குக் கிட்ட வருவாள், நிற்பாள், போவாள். நேற்று என் காதுக்குள், "அக்கா, இதில பேரைக் குடுத்தா என்ர யூனிவர்சல் கிரெடிட்டை வெட்டுவினமோ?" என்று கேட்டாள்.

"எனக்கு வெட்டேல்லை."

"நீங்களும் பெனிபிட்டோ?"

"பின்ன? நான் என்ன கவுன்சிலின்ர ஆள் எண்டு நினைச்சியோ?"

அவள் சிரித்த சிரிப்பில் தோளில் கிடந்த குழந்தை எழும்பிவிட்டது. பதிந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கலியாண ரெஜிஸ்டருக்குப் பிறகு இப்பதான் அக்கா வடிவா சைன் வைக்கிறன்" என்றாள்.

நானும் அந்த மேசைக்கு வரும்வரை பெனிபிட் என்று வாய் திறந்து சொன்னதில்லை. கிளீனிங் வேலை செய்து முதுகு போனதால்தான் எடுக்கிறேன், என்றாலும் வெட்கம். மேர்வின் பதினைந்து வருஷம் பெற்றோல் ஷெட்டில் நின்றுவிட்டு, கிட்னி போன பிறகுதான் எடுத்தார். அவருக்கும் வெட்கம். அந்த மேசையில் இருந்து மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்ல எனக்கு அது கழன்றுவிட்டது.

பெனிபிட் சனம் ஒரே கட்சிக்குத்தான் போடும் என்கிறீர்கள். மேர்வின் யாருக்குப் போட்டிருப்பார் என்று அவரோடு இருபத்தைந்து வருஷம் இருந்த எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?

பட்டியலைப் பற்றிப் பயப்படாதீர்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வருகிறவர்களின் பெயர், ரோட், போன் நம்பர் எல்லாவற்றையும் நான் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். நாற்பத்தொரு பெயர் ஆகிவிட்டது.

கூட்டத்துக்கு முதல் ஒரு சனிக்கிழமை வந்து கண்ணால் பாருங்கள். நான் பேசமாட்டேன். நீங்கள் பார்க்கலாம்.

பியற்றிஸ்


அப்டன் பார்க்,
16 மார்ச் 2026

தங்கச்சி,

சனிக்கிழமை வந்தேன். நீ காணவில்லை. கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன்.

ஒரு வயதான மனிதர் கதிரையில் இருந்தார். காது கேட்காது போல. றூபினி அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் முழங்காலில் இருந்து படிவத்தை வாசித்தாள். அவர் சத்தம் போட்டுத் தன் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி இருந்தாள் என்று விளங்கியது. நான் பார்த்த எந்தக் கட்சிக் கூட்டத்திலும் ஒருவரும் ஒருவருக்கு அப்படி முழங்காலில் இருந்ததில்லை.

பிறகு உன்னைப் பார்த்தேன். நீ கொப்பியில் ஒவ்வொரு பெயராய் எழுதிக்கொண்டிருந்தாய். உடனே திரும்பிவிட்டேன். ரோட்டுக்கு வந்து பஸ் தரிப்பில் இருந்தேன். மூன்று பஸ் போனது.

போன கடிதத்தில் எழுத ஏலாது என்றது இதுதான். முப்பத்தாறு வருஷம் ஒருவரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு, சண்டை நேரம், மன்னாரில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு நிவாரணம் வருவதாக இருந்தது. அரிசி, பருப்பு, பால்மா. வீடு வீடாகப் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்றார்கள். எனக்கு இருபது வயது. கையெழுத்து வடிவு என்று கோயிலில் என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். நாற்பது வீடு. ஆணா பெண்ணா, வயது என்ன, எந்த வீடு, எல்லாவற்றையும் கோடு போட்டு அழகாக எழுதினேன். பெருமையாக எழுதினேன்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு துவக்கோடு சிலர் வந்தார்கள். யார் என்று இப்போது எழுதி என்ன. அவர்கள் கையில் ஒரு தாள் இருந்தது. தூரத்தில் இருந்தே என் எழுத்தைக் கண்டேன். யாரிடமும் வழி கேட்காமல் நேரே டொலறஸ் அக்கா வீட்டுக்குப் போனார்கள். அவருடைய மனுசனையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். உனக்குப் பத்து வயது. அவர்கள் திரும்பி வரவில்லை என்பது உனக்குத் தெரியும். அந்தத் தாளை எழுதியவன் யார் என்பது தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு பட்டியலும் நான் எழுதியதில்லை. கடையில் கடன் கொப்பிகூட வைப்பதில்லை, நீ பார்த்திருப்பாய். நெருக்குதல், கட்சி என்று நான் சொன்னதெல்லாம் பொய் இல்லை. ஆனால் அடியில் கிடந்தது இதுதான். உதவி கேட்டு வந்த சனத்தின் பெயரை ஒரு தாளில் வரிசையாய்ப் பார்த்தால் அந்தத் தாள்தான் எனக்குத் தெரிகிறது. அந்தப் பயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு அதைப் பகிடியாக்கினேன். அந்தப் பகிடி மேர்வினில் போய் விழுந்தது.

நேற்றைய கூட்டத்தில் என் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். ஏப்ரல் இருபதுவரை மேசை இருக்கும். காரணம் கேட்டார்கள். பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று சொன்னேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் கொப்பியை வைத்திருக்காதே.

அண்ணை


ஃபாரஸ்ட் கேட்,
29 மார்ச் 2026
குருத்து ஞாயிறு

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துப் பத்து நாளுக்கு மேலாகிறது. எழுத இருந்து இருந்து எழும்பிவிட்டேன்.

முதலில் கொப்பி. றூபினியிடம் கேட்டேன். "அன்ரி, நீங்க அப்பிடி ஒரு புக் வச்சிருக்கிறது எனக்குத் தெரியாதே! வைக்கக் கூடாது" என்று தலையில் கையை வைத்தாள். எங்கே விட்டிருந்தாலும் யாரும் எடுத்திருக்கலாமாம். நல்லது செய்கிறேன் என்றுதான் எழுதினேன். நீங்களும் அப்படித்தானே எழுதினீர்கள். அவளுக்கு முன்னாலேயே தாள் தாளாகக் கிழித்தேன். இப்போது ஒரு கொப்பியும் இல்லை. படிவம் மட்டும் கவுன்சிலுக்குப் போகும். அதில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் புள்ளடி போட்டால் அந்தப் பெயரைக் கண்டவர்களுக்கு விற்கமாட்டார்கள். அதை எல்லாருக்கும் காட்டுவது இப்போது என் வேலை.

இனி மேர்வின் சொன்னது. நீங்கள் இதைக் கேட்கவேண்டும்.

ஒழுங்கையின் கடைசி வீட்டில் வந்து குந்தியிருந்த அகதிக் குடும்பம் அவர்களுடையது. அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. பயத்தில் அவருடைய தாய் ஒருவருக்கும் பெயர் சொல்லமாட்டாவாம். நீங்கள் மூன்று தரம் போனீர்களாம். மூன்றாம் தரம் படியில் இருந்து, "அம்மா, பேர் இல்லாட்டி அரிசி இல்லை" என்று அழுவாரைப் போலச் சொன்னீர்களாம். மேர்வினின் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டீர்களாம், பிள்ளைகளுக்குப் பால்மா கிடைக்க வேண்டும் என்று. "என்ர பேரை வடிவான எழுத்தில முதன்முதல் கண்டது கொண்ணையின்ர கையில்தான்" என்று டயலிசிஸ் கதிரையில் இருந்தபடி எத்தனை தரம் சொல்லியிருக்கிறார் தெரியுமோ? அந்த நாலு மணித்தியாலத்தில் அவர் சொல்கிற கதைகளில் உங்கள் கதைதான் நெடுக வரும்.

அந்தத் தாள் யார் கையில் போனது என்று அவருக்கும் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஒருநாள், "பாவம், கொண்ணை ஒருக்காலும் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார்" என்றார். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

டொலறஸ் அக்காவுக்கு நான் எந்த மன்னிப்பும் சொல்ல ஏலாது. அது என்னுடையது இல்லை. ஆனால் அதே தாளால் நாற்பது வீட்டில் அடுப்பு எரிந்தது. அதில் ஒரு வீட்டுப் பெடியன் வளர்ந்து என்னைக் கட்டினான். இரண்டும் உண்மை அண்ணை. நான் படிக்காதவள், இரண்டையும் எப்படி ஒன்றாய் வைப்பது என்று தெரியவில்லை. வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வோட்டு அட்டை தபாலில் வந்துவிட்டது. என் பெயர் அச்சில். மேர்வினின் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். பிரசாந்தினிக்கும் வந்ததாம்.

உங்களுக்கு வந்ததா?

பியற்றிஸ்


அப்டன் பார்க்,
13 ஏப்ரல் 2026

பியற்றிஸ்,

வரவில்லை.

வராது. இடாப்பில் என் பெயர் இல்லை. முப்பத்தொரு வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன். பிரிட்டிஷ் பாஸ்போட் இருக்கிறது. கட்சிக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன், மேடையில் பேசியிருக்கிறேன், யாருக்குப் போட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். நான் போட்டதில்லை. கவுன்சிலில் இருந்து படிவம் வரும். உன் மச்சாள் காணமுதல் குப்பையில் போட்டுவிடுவேன்.

சிரிக்கிறாயா? சிரி.

பால்மாக் கோடு எனக்கு ஞாபகம் இல்லை. நீ எழுதிய பிறகு ஞாபகப்படுத்தப் பார்த்தேன். டொலறஸ் அக்கா வீட்டு வரி மட்டும்தான் இத்தனை வருஷமும் கண்ணுக்குள் நின்றது. கடைசி வீட்டு வரி ஒன்றும் இருந்தது என்பதை நான் மறந்தேபோனேன்.

வருகிற சனிக்கிழமை பதினெட்டு. வரிசையில் நிற்பேன். ஆனால் அந்தத் தாளில் என் கையால் ஒரு பெயர் எழுத எனக்கு ஏலாது, என் பெயர் என்றாலும் ஏலாது. நீ எழுத வேண்டும். கையெழுத்து மட்டும் நான் வைக்கிறேன். நீ பேசத் தேவையில்லை.

அண்ணை


ஃபாரஸ்ட் கேட்,
8 மே 2026

அண்ணைக்கு,

அன்று மண்டபத்தில் சனம் எல்லாம் பார்த்தது. செயலாளர் ஏன் பெனிபிட் சனத்தின் வரிசையில் நிற்கிறார் என்று. நீங்கள் ஒருவரையும் முந்தவில்லை. ஒரு பிள்ளை தன் இடத்தைத் தந்தபோதும் வேண்டாம் என்று தலையாட்டினீர்கள். அதை நான் கண்டேன்.

றூபினி பாவம். நான் உங்களோடு பேசாதபடியால் அவள் கேள்வியை உங்களிடம் கேட்டு, உங்கள் பதிலை எனக்குச் சொல்ல, நான் எழுதினேன். "அன்ரி, இவர் சொல்றது உங்களுக்குக் கேக்குதுதானே?" என்று அவள் கேட்டபோது பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த முறை நீங்களும் சிரித்தீர்கள். ஆங்கில எழுத்து எனக்கு இப்போதுதான் பழகுகிறது. உங்கள் நீளமான பெயர் பெட்டிகளுக்கு வெளியே போய்விட்டது. வடிவாக எழுதத் தெரிந்தவரின் பெயரை நான் கோணலாக எழுதினேன். கையெழுத்து வைக்க நீங்கள் குனிந்தீர்கள். மேசையில் இருந்த என் கையை நான் எடுக்கவில்லை, நீங்கள் அதில் ஊன்றிக்கொள்ளலாம் என்று.

திங்கட்கிழமை காலை றூபினி அதைத் தன் கையால் கொண்டுபோய்க் கவுன்சிலில் கொடுத்தாள். அந்தச் சனிக்கிழமை மட்டும் பத்தொன்பது படிவம். கடைசிப் படிவம் உங்களுடையது.

நேற்று நான் மேர்வினின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வோட்டுப் போடப் போனேன். எனக்குப் பெரிது, கை மடிக்க வேண்டும். அவர் நிரப்பிய படிவம் அந்தப் பொக்கற்றிலேயே இருக்கிறது. காலாவதியானாலும் செல்லும் என்று றூபினி சொன்ன என் இலங்கைப் பாஸ்போட்டைக் காட்டினேன். அங்கே இருந்த பெண் படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, தாளைத் தந்தாள். இவ்வளவுதானா என்று இருந்தது. புள்ளடி போட்டேன். யாருக்கு என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். உங்களை நம்பாமல்தான் நடந்து வந்தேன். உங்கள் பக்கத்து வாக்களிப்பு நிலையம் எது என்று மச்சாளிடம் கேட்டு வைத்திருந்தேன். கேற்றடியில் முக்கால் மணித்தியாலம் நின்றேன். ஐந்தரைக்கு வந்தீர்கள், பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டோடு. என்னைக் காணாமல் உள்ளே போனீர்கள். எனக்கு அது நெடுநேரமாக இருந்தது.

வெளியே வந்தபோது என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"போட்டாச்சோ?"

ஒரு வருஷம் என்று சொன்னவள் ஐந்து மாதத்தில் வாயைத் திறந்துவிட்டேன். மேர்வின் கேட்டால் சிரிப்பார்.

நீங்கள் கோட்டைத்தான் முதலில் பார்த்தீர்கள். பிறகு, "ஓம்" என்றீர்கள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. திரும்பி நடந்து வந்துவிட்டேன்.

நேற்று வீட்டுக்கு வந்து, போனில் அடைத்து வைத்திருந்த உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். முதுகு நோகிறது. அந்த எண்ணெய் இன்னும் இருந்தால், வேறு யாரிடமும் கொடுத்து அனுப்ப வேண்டாம்.

தங்கச்சி